கண்ணாடிக்கு உள்ளே

விமான நிலையத்தின் பெரிய கூடத்தில், கூரைக் கம்பியில் ஒரு சிட்டுக்குருவியும் ஒரு புறாவும் குடியிருந்தன. பயணிகள் சிந்தும் முறுக்கையும் பிஸ்கட்டையும் தின்று நன்றாகத்தான் இருந்தன. எதிரே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், சிறப்புப் பயணிகள் உட்கார்ந்து சாப்பிடும் லவுஞ்ச் இருந்தது. அட்டை காட்டியவர்களுக்கு மட்டுமே அதன் கதவு திறக்கும். எப்படியோ உள்ளே போய்விட்ட ஒரு மைனா, சோபாவின் முதுகில் உட்கார்ந்து கேக்கைக் கொத்திக்கொண்டிருக்கும்.

அதைப் பார்த்தால் சிட்டுக்குத் தொண்டையில் இரை இறங்காது.

“அதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை? குரல்கூட நல்லா இல்லை” என்று புலம்பும்.

“அந்தப் பக்கம் பார்க்காதே, சாப்பிடு” என்று புறா தன் பங்கையும் அதன் பக்கம் தள்ளும்.

ஒரு நாள் ஒருவர் அட்டையை நீட்டினார். கதவு திறந்ததும் சிட்டு அவர் தலைக்கு மேலாகப் பறந்து உள்ளே போய்விட்டது.

மைனா நகர்ந்து இடம் கொடுத்தது. “வா, பொங்கல் சூடா இருக்கு. தனியாத் தின்னு எனக்கும் சலிச்சுப்போச்சு.”

சிட்டு வயிறு முட்டத் தின்றது. அப்போது வெளியே புறா வந்து கண்ணாடியை அலகால் தட்டியது. கூடம் முழுக்கத் தேடியிருக்க வேண்டும், அதற்கு மூச்சு வாங்கியது.

“உன் சிநேகிதிதானே? அடுத்த தடவை கதவு திறக்கும்போது கூப்பிடு” என்றது மைனா.

சிட்டு புறாவின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜையில் எவ்வளவு கேக் மீதியிருக்கிறது, அதில் மைனா கொத்தியது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரையும் கூப்பிட வேண்டாம். இங்கே ரெண்டு பேரே அதிகம்” என்றது.