பின்னறையின் நீளம்

துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள இன்பமலரின் வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க, கிண்ணியாவிலிருந்து வந்த முனீப் அறை அறையாக அளந்தான். டேப்பின் நுனியை அவள் பிடித்தாள். ஆறு மாதத்துக்கு முன் கணவர் யேசுரட்ணம் இறந்த பின்னறைக்கு மட்டும் அவள் வரவில்லை.

"ஏலாது தம்பி, நீங்களே பாருங்கோ," என்று தேநீர் வைக்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

முனீப் டேப்பை அலுமாரிக்குப் பின்னால் நீட்டினான். நுனி இறுகி நின்றது. அளவைக் குறித்துக்கொண்டு, பழக்கத்தில் "விடுங்கோ அக்கா," என்றான். நுனி விடுபட்டுத் திரும்பி வந்தது.

"என்னத்தை விட?" என்றாள் அவள், குசினியிலிருந்து.

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் வாசல்வரை வந்தாள்.

"அளவு சரியோ?"

"ரெண்டறையும் ஒரே நீளம் இருக்கவேணும். முன்னறையை விட இது ஓரங்குலம் குறையுது."

அவள் அலுமாரிப் பக்கம் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, நுனியைச் சுவரோட ஒட்டிப் பிடியுங்கோ."

முனீப் மறுபடி நீட்டிய டேப், இன்னும் ஓரங்குலம் உள்ளே போய் நின்றது.