ஏழாவது பாட்டுக்கு மட்டும் அடி

"அந்த ஏழாவது பாட்டைத் தூக்கிடலாம்" என்றான் கிருஷ்ணா.

புனேயை அடுத்த பிம்ப்ரியில், ஒத்திகை பார்க்கும் அறையில் குழு கூடியிருந்தது.

'சிக்னல் ஜாம்' ராக் குழுவின் முதல் ஆல்பம் இணையத்தில் வெளியாகி ஒரு வாரம்தான் ஆகிறது. புனேயில் பாட்டு கேட்கிறவர்கள் எல்லாம் படிக்கும் இணைய இதழ் ஒன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருந்தது. நீலாவின் குரல், கிருஷ்ணாவின் கிடார், ஷ்ரேயஸின் டிரம்ஸ், எல்லாவற்றுக்கும் பாராட்டு.

ஏழாவது பாட்டுக்கு மட்டும் செம அடி. 'மெட்டில் உயிரில்லை. வரிகள் பள்ளிக்கூடப் பையன் எழுதியதுபோல் இருக்கின்றன. நல்ல சாப்பாட்டில் ஒரு கல்.'

கீழே எழுதியவர் பெயர், 'காதுள்ளவன்'.

அது விச்சுவின் பாட்டு. குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவன். அப்பா படுத்த படுக்கையானதும் கிடாரை மூட்டை கட்டிவிட்டு, சாகணில் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனவன்.

"பாதியில விட்டுட்டுப் போனவன் பாட்டு எதுக்குன்னு அன்னிக்கே கேட்டேன். நீதான் அடம் பிடிச்சு சேர்த்தே, நீலா. நீயே போய் அவன்கிட்ட சொல்லிடு" என்றான் கிருஷ்ணா.

மறுநாள் நீலா சாகண் போனாள். தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடை. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தான் விச்சு.

"விமர்சனம் படிச்சியா?"

"ஓ! உன் குரலைப் பத்தி பிரமாதமா வந்திருக்கே."

"உன் பாட்டைப் பத்தி..."

"கிழிச்சிருக்கு. விடு."

"அதை ஆல்பத்துலேர்ந்து எடுத்துடலாம்ங்கறான் கிருஷ்ணா."

வாய்வரை போன டீ ஒரு நொடி நின்றது.

"எடுத்துடுங்க. ஆல்பம் நல்லா போகணும், அவ்வளவுதான்."

நீலாவுக்கு உறுத்தியது. அவன் எழுதியதில் வெளியே வந்த ஒரே பாட்டு அது. இவ்வளவு சுலபமாகவா விட்டுக்கொடுப்பான்?

"உனக்குக் கோபமே வரலையா? எனக்கு அந்தக் காதுள்ளவன் யாருன்னு தெரியாம மண்டை வெடிக்குது. எடிட்டருக்கே போன் போட்டேன். பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டார். சாகண்ல ஏதோ கம்பெனியில வேலையாம், ஷிஃப்ட் முடிஞ்சு எழுதறவராம்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். விச்சு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்... நீயா?"

மெல்லத் தலையாட்டினான்.

"பைத்தியமா உனக்கு? உன் பாட்டை நீயே ஏண்டா திட்டினே?"

"வெறும் பாராட்டா இருந்தா எடிட்டர் போடமாட்டார். ஒரு குறையாவது இருக்கணும்பார். ஆல்பம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன், நீலா. உங்க பாட்டைக் குறை சொல்ல மனசு வரலை."