ரோஜா வாசனை

வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகத் தொட்டிலில் கை வைத்தாள் அம்மா. குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணைத் திறக்கவே இல்லை.

போனில் டாக்டர் கேட்டார்: "காலையிலேர்ந்து எத்தனை டயபர் நனைச்சிருக்கா? ஒண்ணுகூட இல்லைன்னா ஆபத்து. உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

அழுக்கு டயபரை வாசனைப் பையில் முடிந்து கூடையில் போடுவது ஆயாவின் வழக்கம். அம்மா ஓடிப்போய்க் கூடையைத் திறந்தாள். காலி! வீட்டுக்குப் போய்விட்ட ஆயா போனை எடுக்கவில்லை.

நேற்றுதான் ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரிடம் ஓடினாள். "மாமா, குப்பை எடுக்க ஆள் வந்தாங்களா?"

"இன்னைக்கு யாரும் வரலையேம்மா."

அவள் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஐயோ மாமா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!"

அவர் பதறிப்போய் பீரோவைத் திறந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். கூடவே குப்பென்று ரோஜா வாசனையும் வந்தது.

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "மாமா... சட்டையில என்ன வாசனை?"

"துணிக்கு நடுவுல வாசனைப் பொட்டலம் வெச்சிருக்கேன்மா. அந்த ஆயா, முடிச்சுகூட அவிழ்க்காம அஞ்சையும் கூடையில போட்டிருந்தா. ஒவ்வொண்ணும் என்னா கனம் தெரியுமா!"