ரெண்டு பக்கமும்

டி.வி.யில் படம் போய்ப் புள்ளி புள்ளியாக வந்தது.

"வந்துடுச்சு உங்க தங்கச்சி வீட்டு சனியன்" என்றேன்.

என் கணவர் ஓஸ்வால்ட் ஏணியை எடுக்கப் போனார்.

சாயங்காலம் ஆனால் போதும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர் தங்கை ஜோசஃபினின் வான்கோழி ஒன்று எங்கள் ஷீட்டுக் கூரைக்கு ஏறி, ஆன்டெனா கம்பியைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு வளர்க்கிறாள். மற்ற மூன்றும் ஒழுங்காகத் தரையில்தான் கிடக்கின்றன. இந்தப் பெட்டைக்கு மட்டும் எங்கள் வீட்டு உச்சி கேட்கிறது.

அந்தச் சுவர், மாமனார் போன பிறகு வீட்டைப் பாகம் பிரித்தபோது எழுப்பியது. சிமென்ட் காய்வதற்குள் அண்ணன் தங்கை பேச்சு நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசைக்குப் போய், ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே வருவார்கள். இவர் தூக்கத்தில் அவள் பேரைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். காலையில் அதைச் சொன்னால் வள்ளென்று விழுவார். என்ன வீம்போ.

முந்தாநாள் சுவரோரம் நின்று நான்தான் சத்தம் போட்டேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெக்கைய வெட்டித்தான் விட்டிருக்கேன் அண்ணி. அது ஏறுனா நான் என்ன பண்ணட்டும்?"

புளுகுகிறாள் என்று நினைத்தேன்.

வழக்கமாக இவர் கோழியைப் பிடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார். இன்று விடவில்லை நான். கத்திரிக்கோலை நீட்டினேன். "அவ வெட்டலைன்னா நீங்க வெட்டுங்க."

இருட்டத் தொடங்கினால் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, சாதுவாகப் பிடி கொடுக்கும். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு இறக்கையை விரித்தார். நீள இறகுகள் வரிசையாக வெட்டப்பட்டிருந்தன. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

மறு இறக்கையை விரித்தார். அதுவும் அப்படியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டித்தானே இருக்கு, அப்புறம் எப்படிப் பறக்குது?"

"ஒரு பக்கம்தான் வெட்டணும். அப்பதான் எழும்பினா சாஞ்சு விழும். ரெண்டு பக்கமும் வெட்டினா சமமாயிடும், எப்படியோ ஏறிடும்."

"அது உங்க தங்கச்சிக்குத் தெரியாதா?"

"எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான்."

கத்திரிக்கோலை என் கையில் திருப்பிக் கொடுத்தார். சுவர்ப் பக்கம் போகவில்லை. கோழியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து, தெருவைச் சுற்றி அவள் வாசலுக்குப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. வாயில் காபி வாசனை.

மறுநாள் சாயங்காலம் படம் போய்ப் புள்ளி வந்தபோது நான் சத்தம் போடவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார்.