அளவுக் கம்பி

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கியரும் போட்டாயிற்று. கார் மட்டும் இடித்த புளி மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆல்ரிக்குக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"என்னடா, செத்துப்போச்சா?" உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணன் ஹோல்கர் கேட்டார்.

"முப்பத்தொரு வருஷம் கொட்டகையில போட்டுப் பூட்டினா வேற எப்படி இருக்கும்? ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் அண்ணே. உள்ள ரப்பரெல்லாம் காஞ்சு கெடக்கு, ஆயில் ஏறி ஊறணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு லிவரை முன்னாடி பின்னாடி மாத்திக்கிட்டே இரு."

பின்னால் இரண்டு இறக்கை வைத்த அந்த அமெரிக்கக் கார் அப்பா வாங்கியது. சனிக்கிழமை தவறாமல் அதைக் கழுவித் துடைத்தவன் சின்னவன் ஆல்ரிக். சாவியை அப்பா கொடுத்தது பெரியவருக்கு.

பெரியவர் இரண்டு கோடை ஓட்டினார், பிறகு கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார். தானும் ஓட்டமாட்டார், தம்பிக்கும் தரமாட்டார். இந்த வசந்தத்தில் திடீரென்று ஞானோதயம் வந்து, "உயிர் கொடுத்துத் தாடா" என்று போன் செய்தார்.

ஆல்ரிக் ஃபாலுன் நகரில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் கியர்பாக்ஸ்களோடு மல்லுக்கட்டியவன். மூன்று சனிக்கிழமையாகக் கழற்றிக் கழுவி, வடிகட்டி மாற்றி, புதுச் சிவப்பு ஆயில் ஊற்றியது அவன். அடுத்த மாதம் பழைய கார் ஊர்வலத்தில் உட்கார்ந்து ஊருக்கே கைகாட்டப்போவது அண்ணன்.

அண்ணி சூல்வெய் காப்பியும் பட்டை போட்ட ரொட்டியும் கொண்டுவந்தாள். ஆல்ரிக்கின் கோப்பையைக் கவிழ்த்த வாளிமேல் வைத்தாள். ஹோல்கரின் கோப்பையை, கார் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்து விரல்களுக்குள் வைத்துவிட்டாள்.

ஊட்டிவிடாத குறைதான், என்று நினைத்துக்கொண்டான் ஆல்ரிக். பெண்டாட்டி விட்டுப்போன இந்த ஒன்பது வருஷத்தில் அவன் காப்பியை அவனேதான் போட்டுக் குடிக்கிறான்.

பத்தாவது நிமிஷம் உள்ளே ஏதோ தொப்பென்று பிடித்தது. கார் ஒரு முழம் பின்னால் வந்து நின்றது. சூல்வெய் கைதட்டினாள்.

"பாத்தியா சூல்வெய், என் தம்பி கை பட்டா பொணமும் எந்திரிச்சு நடக்கும்" என்றார் ஹோல்கர்.

அந்தப் பாராட்டு ஆல்ரிக்கின் காதில் ஏறவில்லை. கார் நகர்ந்துவிட்டது, இனி அது ஒரேயடியாக அண்ணனுடையது என்பது மட்டும்தான் ஏறியது. வயிறு பற்றி எரிந்தது.

ஹோல்கர் இறங்கி பானட் பக்கம் வந்தார். "கியர்பாக்ஸ் ஆயில் அளவை இன்ஜின் ஓடுறப்பதானே பாக்கணும்? நீயே பாத்துச் சொல்லுடா. கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன்."

கண்ணாடி அவர் சட்டைப் பையிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலை ஏவ ஒரு சாக்கு, என்று ஆல்ரிக் பல்லைக் கடித்தான்.

அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். ஊற்றியதையெல்லாம் கியர்பாக்ஸ் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, கம்பியின் நுனிகூட நனையவில்லை. இன்னும் இரண்டு லிட்டராவது வேண்டும், டப்பா காலடியிலேயே இருந்தது.

ஊற்றாமல் ஏதாவது ஒரு மேட்டில் ஏறினால் பாதி வழியிலேயே உள்ளே தகடுகள் கருகிவிடும். ஸ்வீடன் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அதற்கு மாற்று கிடையாது. எனக்கு இல்லாதது அவருக்கும் வேண்டாம் என்று தோன்றியது, அப்படித் தோன்றியதில் அவனுக்கு வெட்கம்கூட வரவில்லை.

"நிறைஞ்சிருக்கு" என்றான்.

"சரியா பாத்தியா? மலை மேல, ஏரி தெரியுற எடம் வரைக்கும் இப்பவே போயிட்டு வரணும்."

"முப்பத்தெட்டு வருஷமா இதைத்தானே அண்ணே பாத்தேன்."

"நீ சொன்னா போதும்டா. அப்பாவே சொன்ன மாதிரி."

ஹோல்கர் முன்விளக்கைத் தடவினார், மட்கார்டைத் தடவினார். காரைத் தடவிக்கொண்டே சுற்றி நடந்தார். சொத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார், பார்த்துக்கொள்ளட்டும், என்று ஆல்ரிக் மனதுக்குள் கருவினான்.

அவர் டிரைவர் பக்கம் போகவில்லை. மறுபக்கக் கதவின் கைப்பிடியை விரலால் தேடித் திறந்து உட்கார்ந்தார்.

"அங்க ஏன் உக்கார்றே?"

"பிப்ரவரியிலேயே டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாருடா, லைசென்ஸ் போச்சு. கண்ணுக்கு நடுவுல எல்லாம் ஒரே புகை. உன் மூஞ்சியே தெரியல, கம்பி எங்க தெரியப்போவுது?" ஹோல்கர் சாதாரணமாகச் சிரித்தார். "கண்ணாடி போட்டாலும் அதே கததான்."

"அப்ப... இவ்வளவு வேலையும் எதுக்கு அண்ணே?"

சூல்வெய் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆல்ரிக்கிடம் நீட்டினாள். காரின் பதிவுத் தாள். அவன் அதை வாங்கவில்லை, கையில் கம்பி இருந்தது, சொட்டு ஆயில் ஒட்டாமல்.

"அப்பா செஞ்ச தப்பைத் திருத்த எனக்கு இத்தன வருஷம் ஆச்சு" என்றார் ஹோல்கர். "ஏறி ஓட்டுடா, நேத்துலேர்ந்து இது உன் வண்டி."