விசிட்டிங் கார்டில் ஒரு கோடு

கண்ணாடி மேஜையின் மேல் புதிய பள்ளிக்கூடத்தின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. நான்கு மூலைகளிலும் காபிக் கோப்பைகள் காவல் இருக்கின்றன. பள்ளி நிர்வாகி அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இப்போதுதான் கைக்கு வந்த விசிட்டிங் கார்டைப் படிக்கிறார். "இவங்கதான் உங்க ஆர்க்கிடெக்ட்" என்கிறார் முதலாளி, பக்கத்தில் இருப்பவளைக் காட்டி, பெருமையாக. கார்டிலும் அவள் பெயருக்குக் கீழே அதேதான் அச்சாகியிருக்கிறது. அவளோ இந்த ஆபீசில் ஒன்பது வருடமாக டிசைனர். ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்வதற்கான தேர்வு அடுத்த மாதம்தான். அதற்குள் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டது தெரிந்தால் பதிவு அம்போ. உண்மையைச் சொன்னால் இந்தப் பள்ளிக்கூட வேலை கை நழுவலாம். மேஜைக்கடியில் முதலாளியின் ஷூ அவள் காலைச் சுரண்டுகிறது. ஏசி உறுமுகிறது. அவள் கை நீட்டிக் கார்டை வாங்கி, 'ஆர்க்கிடெக்ட்' மேல் பேனாவால் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் 'டிசைனர்' என்று எழுதுகிறாள். "மன்னிச்சுக்குங்கம்மா. நான் இன்னும் பதிவு பண்ணலை. ஆர்க்கிடெக்ட் சார்தான். வரைபடத்துல கையெழுத்தும் அவரோடதுதான்." "அட, அச்சடிச்சவன் பண்ண தப்பு!" முதலாளியின் சிரிப்பு பாதியிலேயே காய்ந்துவிடுகிறது. நிர்வாகி அவர் பக்கம் திரும்புகிறார். "சரி சார், நீங்களே சொல்லுங்க. ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு பாத்ரூம் எங்க வருது?" முதலாளியின் விரல் வரைபடத்தில் கிளம்புகிறது; நூலகத்தைத் தாண்டுகிறது, மாடிப்படி ஏறுகிறது, இறங்குகிறது, நடைபாதையில் திகைத்து நிற்கிறது. ஜன்னல் வெயிலில் அவர் மோதிரம் மட்டும் பளிச்சிடுகிறது. "இதுக்குள்ள குழந்தை நனைச்சிருக்கும் சார்" என்கிறார் நிர்வாகி. நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டுக்கொள்கிறார். "நீங்க சொல்லுங்க, டிசைனரம்மா."