மாடி இணைப்பு

டாக்டரம்மாவின் பல் கிளினிக்கிலிருந்து எக்ஸ்ரே படங்கள் வெளியே போகவில்லை. காலை பத்து மணிக்கு நெட்வொர்க்காரர் வந்து, இணையப் போக்குவரத்தைப் பிரித்து அனுப்பும் ஃபயர்வால் பெட்டியின் அமைப்புகளைத் தன் லேப்டாப்பில் திறந்தார். இரண்டு இணைய இணைப்புகள் இருந்தன. எந்தக் கணினி எதன் வழியாகப் போக வேண்டும் என்று விதிகள் எழுதப்பட்டிருந்தன. ‘மாடி’ என்ற விதி மட்டும் ஒரு கணினியையும் எக்ஸ்ரே மெஷினையும் மூன்றாவது இணைப்புக்கு அனுப்பியது. பெட்டியின் மூன்றாவது துளையில் கேபிளே இல்லை. ஆனாலும் அந்தக் கணினிக்கு மட்டும் புது இணைய முகவரி தரப்பட்டு, அது கேட்டதெல்லாம் வெளியே போய், பதில்களும் திரும்பி வந்துகொண்டிருந்தன.

"மாடியில யாராச்சும் கம்ப்யூட்டர் போட்டிருக்காங்களா?"

"அது என் தம்பி ரூம். அவன் தவறி எட்டு மாசமாச்சு. அவன் நெட் லைனைக் கட் பண்ணி, கம்ப்யூட்டரையும் அப்பவே குடுத்துட்டேன். பூட்டித்தான் கிடக்கு."

நெட்வொர்க்காரர் அந்தக் காலித் துளையை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.

"அவரோட பழைய விதி ஒண்ணு இருக்கு. எக்ஸ்ரே மெஷினும் அதுல மாட்டிக்கிட்டு முழிக்குது. எடுத்துடவா?"

"வேலை நடந்தா சரி."

நீக்கினார். படங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

மேலே நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு படிகளில் செருப்புச் சத்தம், விறுவிறுவென்று.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன.

"நெட்டு போச்சுன்னா ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டான். சண்டை போட வர்றான்" என்று சொல்லிக்கொண்டே, படிக்கட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் திறக்க வேகமாக நடந்தார்.